மஞ்சள் வீட்டு அரிப்பு

கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடி அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் எழுபது பேருக்குக் குறையாது. ஆகையால் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிடுவதே முறை. ஈரோடு மஞ்சள் வீட்டின் தலைவர் தெய்வசிகாமணி, வயது எழுபத்தொன்று. அவர் மனைவி ருக்மணி. மகன் சிபி. திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட ஒரே தங்கை சம்பூர்ணம். அவள் கணவர், பனியன் கம்பெனி நாச்சிமுத்து. டாக்டர் மெஹருன்னிசா. அரசாங்கத்தின் சம்மதக் குழுவிலிருந்து வந்திருந்த அமலோற்பவம் அம்மாள். வேறு யாரும் இல்லை. காப்பி கொண்டுவந்தவரைக்கூட ருக்மணி வாசலிலேயே நிறுத்தி, தட்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

விஷயம் வெளியே போகக் கூடாது. மஞ்சள் வீட்டுத் தலைவருக்கு மஞ்சள் ஆகவில்லை. அதுதான் விஷயம்.

ஈரோட்டில் மஞ்சள் வீடு என்றால் நான்கு தலைமுறையாக ஒரே வீடுதான். தை மாதக் கடைசி வெள்ளியன்று மண்டியில் புது மஞ்சள் ஏலம் தொடங்கும். முதல் குவியலிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்து, வெறும் கையால் ஒடித்து, உள்நிறம் பார்த்து, நாக்கு நுனியில் வைத்து, முதல் விலையைச் சொல்வது அந்த வீட்டுத் தலைவரின் உரிமை. அதற்கு முதல் ஒடிப்பு என்று பெயர். அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். நிறம் பார்க்கவும் ஈரம் பார்க்கவும் இயந்திரங்கள் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவர் ஒடிக்கும்வரை அந்த இயந்திரங்களுக்கும் மின்சாரம் கொடுக்க மாட்டார்கள். மஞ்சள் வீட்டுத் தலைவரால் இயலாது போனால் உரிமை பொன்னுரங்கம் வீட்டுக்குப் போகும் என்பது பழைய ஏற்பாடு. ஒவ்வொரு மார்கழியிலும் பொன்னுரங்கம் வந்து தெய்வசிகாமணியின் உடல்நலத்தை மிகுந்த அக்கறையோடு விசாரித்துவிட்டுப் போவார்.

போன தையில் ஒடித்த கை, காருக்குள் ஏறுவதற்குள் தடித்துச் சிவந்தது. நாக்கு வீங்கியது. தேனீ கொட்டிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார். அதன் பிறகு குழம்பில் ஒரு சிட்டிகை விழுந்தாலும் உடம்பெல்லாம் தடிப்பு. பத்து மாதமாக ருக்மணி வெள்ளைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். கிடங்கில் ஆயிரம் மூட்டை மஞ்சள். அடுக்களையில் மோர் நிறத்தில் சாம்பார். கிடங்குப் பக்கம் ஏன் வருவதில்லை என்று கேட்டவர்களுக்குச் சென்னிமலை முருகனுக்கு விரதம் என்று சொல்லப்பட்டது.

"சைட்டோகைன், சைட்டோகைன்னு சொல்றீங்களே, அது என்ன கிருமிங்களா?" என்று நாச்சிமுத்து டாக்டரைக் கேட்டார்.

"கிருமி இல்லைங்க. செய்தி" என்றார் டாக்டர் மெஹருன்னிசா. "ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சொல்லி அனுப்புற தகவல். ஒரு கல்யாண மண்டபம்னு வெச்சுக்குங்க. வாசல்ல நிக்கிற ஒருத்தர், 'ஐயோ, பகையாளி வந்துட்டான்'னு கத்துறார். அந்தக் கத்தல் ஒரு சைட்டோகைன். உள்ள இருக்கிற பெரியவர் அதைக் கேட்டு, 'இவன் மூஞ்சியை எல்லாரும் பார்த்து வெச்சுக்குங்க, எப்ப வந்தாலும் விடாதீங்க'ன்னு உத்தரவு போடுறார். அது இன்டர்லூகின் நாலு. 'அரிக்கட்டும்'னு ஒரு உத்தரவு, அது முப்பத்தொண்ணு. எல்லாரும் நாற்காலியைத் தூக்கிட்டு ஓடி வர்றாங்க. பார்த்தா, வந்தவன் பகையாளியே இல்லை. வாழை இலை கொண்டுவந்தவன்."

"அந்த உத்தரவை நிறுத்திப் போட முடியாதுங்களா?" என்றான் சிபி.

"அதுக்கு ஊசி இருக்கு. உங்கப்பாவுக்கு மூணு மாசம் போட்டோம். அவர் உடம்பு ஒரு தினுசு. போட்ட உத்தரவு நடக்கலைன்னு தெரிஞ்சா இன்னும் சத்தமாப் போடுது."

"ஊட்டுலயும் அப்படித்தானுங்க" என்றாள் ருக்மணி.

தெய்வசிகாமணி மனைவியைப் பார்த்தார். அவள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மேசைமேல் இருந்த இரண்டு வெள்ளிக் காப்புகளைத் தொட்டுக் காட்டினார். "அதுக்குத்தான் இந்த இணைக்காப்பு. ஐயா உடம்புல எழும்புற செய்தியை ஒரு காப்பு பிடிச்சு அமுக்கும். அதே செய்தியை அடுத்த காப்பு இன்னொருத்தர் உடம்புல விடும். அங்க அரிக்கும், தடிக்கும். உத்தரவு நடந்துடுச்சு, அமைதியா இருங்கன்னு அங்கிருந்து ஒரு பதில் வரும். அது இன்டர்லூகின் பத்து. அது வந்தா ஐயா உடம்பு அடங்கிடும்."

"அப்ப அந்த இன்னொருத்தருக்கு?"

"அரிக்கும்" என்றார் டாக்டர். பொய் சொல்லி வைத்தியம் பார்த்துப் பழக்கமில்லாதவர்.

இணைக்காப்பு வந்த புதிதில் பெரிய மனிதர்களின் தும்மலையெல்லாம் ஏழைகள் கூலிக்குத் தும்மினார்கள். ஒரு ஊரில் ஒரு தெருவே கண் சிவந்து திரிந்தது. அவர்களுக்கு எந்த ஒவ்வாமையும் கிடையாது. பிறகு சட்டம் வந்தது. நெருங்கிய உறவினர் மட்டுமே, அதுவும் சம்மதக் குழு முன்னால் கையெழுத்துப் போட்டு, காப்பு மாட்டிக்கொள்ளலாம். உதவி அளிப்பவர் விரும்பினால் ஒரு வரி எழுதிக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். உதவி பெறுபவர் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

மஞ்சள் வீட்டில் சோதித்துப் பார்த்ததில் மகன் சிபியின் இரத்தம் பொருந்தவில்லை. பொருந்தியது தங்கை சம்பூர்ணத்தின் இரத்தம் மட்டும்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அண்ணனும் தங்கையும் பேசிப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அவர்கள் தாயார் காரியத்தன்று, தாய்மாமன் வந்து உட்காருவதற்கு முன்பே நாச்சிமுத்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார். பசி என்றார். தெய்வசிகாமணி, "பசிக்குப் பந்தியா, முறைக்குப் பந்தியா?" என்று சபையில் கேட்டார். அன்றோடு பேச்சு நின்றது. சீர் மட்டும் நிற்கவில்லை. தைக்கும் ஆடிக்கும் வேனில் சீர்க்கூடை திருப்பூர் போனது. உடன்பிறந்தவளுக்குக் கொடுக்காத அண்ணன் என்ற பெயர் அந்த வீட்டில் எவருக்கும் வந்ததில்லை.

அப்படியிருந்தும், ருக்மணி போன் செய்து கேட்டதும், சம்பூர்ணம் மறு பேச்சில்லாமல் வந்துவிட்டாள்.

அமலோற்பவம் அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிவத்தை உரக்கப் படித்தார். "உதவி பெறுபவர், தெய்வசிகாமணி. உதவி அளிப்பவர், சம்பூர்ணம்."

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் சளியால் வந்ததா, பத்தொன்பது வருடத்தால் வந்ததா என்பது அவருக்குத்தான் தெரியும். தெய்வசிகாமணிக்கு அது நெஞ்சில் ஆணியாக இறங்கியது.

"இன்னொருக்கா படிங்க" என்றார்.

அம்மாள் படித்தார்.

"யாரு பெறுபவர்?"

"நீங்கதான் ஐயா."

தெய்வசிகாமணி எழுந்து நின்றார். முதுகு எப்போதும்போல் கோடு கிழித்ததுபோல் நின்றது. "எங்க ஊட்டுல பொறந்தவளுக்குக் குடுத்துத்தானுங்க பழக்கம். பொறந்தவகிட்ட வாங்கித் தின்னவன்னு எங்க வம்சத்துல ஒருத்தன் பேரு கிடையாது. நான் இந்தக் கட்டத்துல கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப காப்பு வேண்டாங்களா?"

"காப்பு வேணும். பேரை மாத்திப் போடுங்க. அளிப்பவர் கட்டத்துல நான் போடறேன்."

டாக்டர் குறுக்கே வந்தார். "ஐயா, இது பேருக்குப் போடுற கையெழுத்து இல்லை. பதிவேடு எப்படிச் சொல்லுதோ, காப்பு அப்படித்தான் ஓடும். உங்க மஞ்சள் அரிப்பு உங்ககிட்டயே இருக்கும். அவங்களுக்கு வர்றது எல்லாம் உங்களுக்கு வரும்."

"வரட்டுமுங்க. அவளுக்கு என்ன வந்துரப்போகுது? சின்ன வயசுல குருதையாட்டத் துள்ளி ஓடினவ."

சம்பூர்ணம் வாய் திறந்தாள். அண்ணனிடம் நேராகப் பேசுவதில்லை என்பதால், நங்கை என்று தான் கூப்பிடும் அண்ணி ருக்மணி பக்கம் திரும்பினாள். "நங்கை, அண்ணன்கிட்டச் சொல்லுங்க, எனக்கு வந்துங்க..."

"ருக்கு, பேசி முடிச்சாச்சான்னு கேளு" என்றார் தெய்வசிகாமணி.

சம்பூர்ணம் வாயை மூடிக்கொண்டாள்.

ருக்மணி மேசைக்கு அடியில் கணவர் தொடையைக் கிள்ளினாள். பலனில்லை. சம்மதக் குழு விதிப்படி அமலோற்பவம் அம்மாள் மூன்று முறை கேட்டார்: உங்கள் விருப்பத்தோடுதான் கொடுக்கிறீர்களா? மூன்று முறையும் தெய்வசிகாமணி ஆமாம் என்றார். மூன்றாவது ஆமாமுக்கு அம்மாளின் கண் நிறைந்துவிட்டது.

"ஆறு வருஷமா இந்த வேலை பாக்குறேன் ஐயா. அளிப்பவர் கட்டத்துல பொண்டாட்டி போட்டிருக்கா, மக போட்டிருக்கா, மருமக போட்டிருக்கா. ஒரு ஆம்பளை வந்து போட்டு நான் பார்த்ததில்லை" என்று சொல்லி, அவர் மனம் மாறுவதற்குள் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

இப்படித்தான் மஞ்சள் ஒவ்வாமைக்கு வைத்தியம் பார்க்கப் போன தெய்வசிகாமணி, அதைக் கூடவே வைத்துக்கொண்டு, திருப்பூரிலிருந்து வரக்கூடியதையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

மறுநாள் காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் பதினான்கு தும்மல் தும்மினார். எண்ணியவள் ருக்மணி. ஒன்பது மணிக்கு மூக்கு அடைத்து மூச்சு இளைக்க ஆரம்பித்தது. மாலை ஐந்துக்குத்தான் விட்டது. நடுவில் பதினொரு மணிக்குக் கணுக்காலில் அரிப்பு. ஒரு மணிக்குக் கழுத்தில் தடிப்பு. அடுத்த நாளும் அதே நேரம், அதே வரிசை. ஞாயிற்றுக்கிழமை மூச்சு இளைக்கவில்லை. பதிலுக்குக் கண் எரிந்தது.

"என்ன எழவுடா இது, ரயிலாட்ட நேரத்துக்கு வருது?" என்றார் மகனிடம்.

சிபி ஒரு தாளில் நேரங்களை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினான். ருக்மணி திருப்பூருக்குப் போன் போட்டு, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். தெய்வசிகாமணி தனக்குச் சம்பந்தமில்லாதவர்போல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அம்மிணி, காலைல ஆறு பத்துக்கு என்ன பண்ணுவே?"

"வாசக் கூட்டுவேன் நங்கை. வேப்பம்பூத் தூளு, பார்த்தீனியம், அதெல்லாம் எனக்கு ஆகாதுங்க. முந்தியெல்லாம் மூஞ்சியில துணி கட்டிக்குவேன். இப்ப அந்தத் தொந்தரவே இல்லை."

"பதினோரு மணிக்கு?"

"பூனை வந்து கால்ல உரசுமுங்க. அதுக்குப் பால் வெப்பேன்."

"பால் ருசியா இருக்குதான்னு பூனையைக் கேளு" என்றார் ஜன்னல் பக்கத்திலிருந்து தெய்வசிகாமணி, கணுக்காலைச் சொறிந்தபடி.

"ஒரு மணிக்கு என்ன சாப்பிடுவே, அம்மிணி?"

"கத்திரிக்காய் நங்கை" என்றாள் சம்பூர்ணம். "எண்ணெயில வதக்கினது. நான் கத்திரிக்காய் தின்னு முப்பது வருசமாச்சு. வாயில வெச்சா கழுத்து தடிச்சுப் போகும். அண்ணன் ஒவ்வொரு தைக்கும் சீர்க்கூடையில நம்ம தோட்டத்துக் கத்திரிக்காயா வெச்சு அனுப்புவாரு. வேண்டாமுன்னு எப்படிச் சொல்றது? பக்கத்து ஊட்டுக்குக் குடுத்துப்போடுவேன். இப்பத் திங்கறேன் நங்கை. ஒண்ணும் ஆகறதில்லை. தினமும் அதேதான் பண்றேன்."

தெய்வசிகாமணியின் கை கழுத்துக்குப் போனது. தடிப்பு காது வரைக்கும் ஏறியிருந்தது. அவர் சொறியவில்லை. கையைக் கீழே போட்டுக்கொண்டார்.

"இந்த ஒன்பது மணிச் சமாச்சாரத்தைக் கேளு" என்றார்.

"அது பஞ்சுத் தூசுங்க நங்கை. ஊட்டுக்குப் பின்னாடிதானே கம்பெனி, பனியன் பாக்கற செக்கிங் மேசையில நிப்பேனில்ல. ஞாயித்துக்கெழமை மட்டும் லீவு, சீயக்கா போட்டுத் தலை முழுகுவேன்."

போன் வைத்த பிறகு அவர் மனைவியிடம் கேட்டார். "மொதலாளி பொண்டாட்டி எதுக்குப் பஞ்சுக்குள்ள நிக்கிறா?"

"முப்பது வருசமா நிக்கிறா. ஆளு வெக்கக் கட்டுபடியாகலைன்னு நின்னா, அப்படியே பழகிப்போச்சு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. தங்கையைப் பெரிய இடத்தில் கொடுத்திருப்பதாக முப்பத்தெட்டு வருடமாகச் சபையில் சொல்லி வந்தவர் அவர். ஊஞ்சலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பாள் என்பதுதான் அவர் மனதில் இருந்த படம். அந்தப் படத்தை இப்போது தினமும் காலை ஒன்பது மணிக்கு அவர் மார்பே கிழித்துப் போட்டது. அவளிடம் கேட்டிருந்தால் முப்பது வருடத்தில் எப்போதோ தெரிந்திருக்கும். கேட்கவில்லை. அதனால் மூக்கு வழியாக வந்தது.

மார்கழி பிறந்தது. பொன்னுரங்கம் வந்தார். "உடம்பு சொகம்தானுங்க? மூஞ்சி கொஞ்சம் வீங்கினாப்ல தெரியுதுங்களே?"

"விரதம்" என்றார் தெய்வசிகாமணி. அப்போது மணி சரியாக ஒன்று. கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டார்.

"விரதத்துக்கு வீங்கி இப்பத்தான் பாக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் பொன்னுரங்கம்.

அன்று மாலை ருக்மணி நேராகவே பேசினாள். "ஒரு வரி எழுதிக் குடுத்தா நீங்க வெலகிக்கலாம். டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"பொறந்தவளுக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்கச் சொல்றயா?"

"செரி, வெலக வேண்டாம். அம்மிணிகிட்டச் சொல்லி கட்டத்தை மாத்திப் போட்டுக்கலாம். உங்க மஞ்சளை அவ தாங்கிக்குவா. ஒத்தை நாளுக்கு. ஏலத்துக்கு மட்டும்."

"நான் கேக்க மாட்டேன். நீயும் கேக்கக் கூடாது."

"அப்ப ஏலத்தன்னைக்கு மேல மஞ்சளு, கீழ பூனை, நடுவுல கத்திரிக்காயின்னு நிப்பீங்களா? சபையில தும்மிப்போட்டு விலை சொல்லுவீங்களா?"

"போன தையில காருக்குப் போறவரைக்கும் தாங்குச்சு. இந்தத் தையும் தாங்கும்" என்றார். சந்தேகம் வந்த இடத்தில் முதுகை நிமிர்த்திக்கொள்வது அவர் வழக்கம். நிமிர்த்திக்கொண்டார்.

தை மாதக் கடைசி வெள்ளி வந்தது. காலை ஐந்தரைக்கே குளித்து, வேட்டி கட்டி, ஆறு பத்துக்கு வரும் பதினான்கு தும்மலுக்காகத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு பத்து ஆனது. தும்மல் வரவில்லை. ஆறரை ஆனது. ஏழு ஆனது. மூக்கு காய்ந்த பாறைபோல் கிடந்தது. காப்பைத் தட்டிப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. வேலை செய்கிறது என்று பொருள்.

ஏலம் ஒன்பதரைக்கு. ஒன்பது மணிக்கு மண்டிக்குள் நுழைந்தபோது இளைப்பு வரவில்லை. மூச்சு இருபது வயதில்போல் போய் வந்தது. விவசாயிகள் கும்பிட்டார்கள். பொன்னுரங்கம் புதுச் சட்டையில் முன்வரிசையில் நின்றார். தெய்வசிகாமணிக்கு எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டு மாதமாக ஒரு நாள் தவறாமல் அவர் மூக்கில் வந்து வாசல் கூட்டியவள், இன்று வரவில்லை. வெள்ளிக்கிழமையில் வாசல் கூட்டாதவள் இல்லை அவள்.

"சிபி" என்றார், உதடு அசையாமல். "திருப்பூருக்குப் போன் போடு."

"இப்பங்களா? கூப்பிடப் போறாங்கப்பா."

"போடுடா. அவ இருக்கறாளான்னு கேளு."

மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு போன் போட்டுக் கையில் கொடுத்தான். எடுத்தவர் நாச்சிமுத்து. தெய்வசிகாமணி அவரிடம் பத்தொன்பது வருடத்தில் பேசிய முதல் வார்த்தை இது:

"மாப்ள, என்ற தங்கச்சி உசுரோட இருக்கறாளா?"

அந்தப் பக்கத்தில் நாச்சிமுத்து திகைத்துப் போனார். "இருக்கறாளுங்க மச்சான். ஏனுங்க?"

"தும்மலே இல்லையே."

"அட, அதுங்களா!" நாச்சிமுத்துவின் குரல் இறங்கியது. "நங்கை நேத்துப் போன்ல ஏலத் தேதியைச் சொன்னாங்களாம். வேற ஒண்ணும் சொல்லலையாம். இவ விடியக்காலம் எந்திரிச்சு, ஒரு ரூமை மூணு தடவை கழுவிவிட்டு, தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு, உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. சோறு இல்லை, பச்சத்தண்ணி பல்லுல படலை. வாச கூட்டலை. பூனையைத் தொரத்திப்போட்டா. எம்மேல பஞ்சு ஒட்டியிருக்கும்னு என்னையவும் உள்ள விட மாட்டேங்கறா. எதெது தனக்கு ஆகாதோ, அது ஒண்ணுகூட இன்னைக்கு அவ மேல படக் கூடாதாம். உங்க ஏலம் முடிஞ்சு நங்கை போன் பண்ணினாத்தான் வெளிய வருவாளாம்."

தெய்வசிகாமணி போனை மகனிடம் கொடுத்தார்.

அவர் கேட்கவில்லை, ஆனாலும் அவள் கொடுத்துவிட்டாள். எந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு இதைத் தடுத்திருக்க முடியும் என்று அவருக்குத் தெரியவில்லை.

சங்கத் தலைவர் அழைத்தார். தெய்வசிகாமணி முதல் குவியலுக்கு முன்னால் போய் நின்று, விரலி ஒன்றை எடுத்து, கட்டைவிரலை அழுத்தி ஒடித்தார். சத்தம் கணீரென்று கேட்டது. உள்நிறம் பார்த்தார். நாக்கில் வைத்தார். வாய் திறப்பதற்குள் உள்ளங்கை சிவக்க ஆரம்பித்தது. மஞ்சள் தூள் ஒட்டியிருந்த கை, சபை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குங்குமம் குழைத்ததுபோல் ஆனது.

"சுண்ணாம்பு!" என்று பொன்னுரங்கம் கத்தினார். "பாருங்க எல்லாரும். மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டாத்தானுங்க செவக்கும். நெறம் கூட்டிக் காட்டறதுக்குக் கைல தடவிக்கிட்டு வந்திருக்காரு. நாலு தலைமுறையா இப்படித்தான் விலை சொன்னாங்களான்னு கேளுங்க!"

கூட்டம் முணுமுணுத்தது. சிபி முன்னால் பாய்ந்தான். அவன் கெட்டிக்காரன். "அப்பா வெத்தலை போட்டுக்கிட்டு வந்தாருங்க. சுண்ணாம்பு கைல ஒட்டியிருக்கும். அதுக்குப் போய்..."

நல்ல பொய். குற்றமில்லாத பொய். ஆமாம் என்று தலையசைத்தால் போதும். கையைக் கழுவிவிட்டு வந்து விலை சொல்லலாம். வெற்றிலை போடுவது மரியாதைக் குறைவும் இல்லை. தலை பாதி அசைந்துவிட்டது. அதற்குள், கழுவிய தரையில் ஒருத்தி பட்டினியாக உட்கார்ந்திருப்பது அவர் நினைவில் வந்து நின்றது. அவள் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு கொடுத்த காலையை, இங்கே வெற்றிலைச் சுண்ணாம்பின் கணக்கில் எழுத அவருக்கு மனம் வரவில்லை.

"சுண்ணாம்பு இல்லைங்க" என்றார். நாக்கு தடித்திருந்தாலும் குரல் கடைசி வரிசைக்குக் கேட்டது. "எனக்கு மஞ்சள் ஆகாது. போன தையிலிருந்து ஆகாது. தேனீ கொட்டலை. விரதமும் இல்லை. எங்க ஊட்டுல ஒரு வருசமா வெள்ளைக் கொழம்பு."

மண்டியில் இருநூறு பேர். மூட்டை இறக்குகிறவர்கூட மூட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பொன்னுரங்கத்துக்கு வந்த சந்தோஷத்தை அவரால் அடக்க முடியவில்லை. "அப்ப உரிமை எங்களுக்கு வருதுங்க!"

"வருதுங்க. எடுத்துக்குங்க" என்றார் தெய்வசிகாமணி. வீட்டின் நான்கு தலைமுறையும் அந்த ஒரு வார்த்தையில் இறங்கிப் போனதாக அவருக்குத் தோன்றியது. முதுகு மட்டும் வளையவில்லை, அது பழகிப்போனது.

அப்போது மராட்டியத்துச் சாங்லியிலிருந்து வந்திருந்த வியாபாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இருபது வருடமாக ஈரோட்டில் சரக்கு எடுப்பவர். தெய்வசிகாமணியின் கையைப் பிடித்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தக் குவியல் இது?"

"மொதக் குவியல்."

"தொட்ட ஒரு நிமிஷத்துல இந்தத் தடிப்பா! அப்ப சரக்கு அசல். நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லி, போன வருட உச்சத்துக்கு மேல் ஒரு விலை சொன்னார்.

"ஐயா, ரெண்டாங் குவியலையும் சித்தெ தொட்டுக் காட்டுங்க" என்று இன்னொருவர் கத்தினார்.

யாரோ அவர் கையைக் கழுவிவிட்டார்கள். இடது கையை இரண்டாம் குவியலில் வைத்தார்கள். தடிப்பு சற்றுக் குறைவாக வந்தது. விலையும் குறைந்தது. அந்தக் குவியலின் விவசாயி கும்பிட்டார்: "சாமி, நல்லா அழுத்திப் புடிங்க! பத்து மாசப் பாடுங்க!" மூன்றாம் குவியலுக்கு முழங்கை. பொன்னுரங்கம் தன் உரிமைப்படி முறையாக ஒரு விரலியை ஒடித்து நாக்கில் வைத்து விலை சொன்னார். சாங்லிக்காரர் அவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க கை ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே" என்று விட்டுவிட்டார்.

சிபி டாக்டருக்குப் போன் போட்டான். தடிப்புக்கும் மஞ்சளின் தரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அது அவர் உடம்பின் சைட்டோகைன்கள் போடும் கூச்சல் மட்டுமே, உடனே ஊசிக்கு அழைத்து வாருங்கள் என்று டாக்டர் மெஹருன்னிசா கத்தினார். சிபி அதைச் சபையில் அப்படியே சொன்னான். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இயந்திரம் சொன்னதை நம்பாதவர்கள், டாக்டர் சொன்னதையா நம்புவார்கள்? நாலாம் குவியலுக்கு முதுகைக் கேட்டபோதுதான் சிபி அப்பாவைக் காரில் ஏற்றினான். முதல் ஒடிப்பு மஞ்சள் வீட்டுக்கே இருக்கட்டும் என்று சங்கம் அன்று மாலையே தீர்மானம் போட்டது. அதற்கு மருத்துவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தது.

ருக்மணி திருப்பூருக்குப் போன் செய்தபோது மணி பன்னிரண்டே கால். பன்னிரண்டரைக்குத் தெய்வசிகாமணி தும்மினார். மருத்துவமனைக் கட்டிலில், கையில் ஊசியோடு, பதினான்கு முறை. நர்ஸ் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

"விடுங்கம்மா" என்றார் அவர். "வாச கூட்டறா."

சம்பூர்ணம் மண்டிக்கு வந்து சபையில் அண்ணன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டதாகவும், அவர் மனம் இரங்கி, கட்டங்களை மாற்றிக் கையெழுத்துப் போட்டு, மஞ்சள் அரிப்பை அவளிடம் கொடுத்துவிட்டதாகவும் ஈரோட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. சம்பூர்ணம் வரவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் திருப்பூர் போனவர் தெய்வசிகாமணி. மன்னிப்புக் கேட்டவரும் அவரே. கட்டங்கள் மாற்றப்படவில்லை.